விலை அட்டையின் பின்பக்கம்

அருந்ததிக்குக் கோபம் வந்தால் கையெழுத்து இன்னும் அழகாகிவிடும். பினாங்கு ஸ்ட்ரீட்டில் பிச்சைமுத்துவின் துணிக்கடையில் வேலை செய்த எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. கடையில் தொங்கும் ஒவ்வொரு உடுப்பிலும் நூல் கோத்துக் கட்டியிருக்கும் விலை அட்டையை எழுதுவது அவள்தான். எழுத்து கொஞ்சம் சாய்ந்து ஓடியிருந்தால் கடை ஆட்கள் சிலோன் அக்கா என்று கூப்பிடும் அருந்ததி நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று பொருள். அச்சுக் கோத்ததுபோல் நிமிர்ந்து நின்றால் அன்றைக்கு யாரும் அவளிடம் வாய் கொடுப்பதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, புதிதாக வந்து இறங்கிய பஞ்சாபி உடுப்புகளில் அளவுச் சீட்டுகள் மாறியிருந்தன. பெரிய உடுப்பில் சின்ன அளவு, சின்னதில் பெரிய அளவு. வேறு யாராக இருந்தாலும் கடையிலேயே பிரித்து அடுக்கியிருப்பார்கள். அருந்ததி பத்தொன்பது வருடம் கப்பல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்து, அந்தக் கம்பெனி மூடிய பிறகு இங்கே வந்தவள். பிழை எங்கே தொடங்கியதோ அங்கே போய்த்தான் அதைத் திருத்தவேண்டும் என்பது அவளுடைய முறை. டிரைவர் வேலு மூட்டைகளைத் திருப்பி ஏற்றியபோது அவளும் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க எதுக்கு அக்கா? ஜுரு வரைக்கும் போவணும். வெயில் லா," என்றான் வேலு.

"வெயில் உனக்கும்தானே அடிக்குது. வண்டியை எடு."

தையல்கூடம் ஜுருவில், கார் உதிரிபாகக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு அட்டையிலும் 'சொந்தத் தையல்' என்று எழுதிவந்தவள், அந்த இடத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். கேட்கிற வாடிக்கையாளர்களிடம், "எங்கட ஆக்களே தைக்கிறது, நேர்த்தியா இருக்கும்," என்று வாய் நிறையச் சொல்லியும் வந்திருக்கிறாள். படியேறிப் போனதும் முதலில் கண்ணில் பட்டது பூட்டு. இரும்புக் கதவின் வெளிப்பக்கத்தில் தொங்கியது. வேலு தன் வேன் சாவிக் கொத்திலிருந்தே ஒரு சாவியைப் பிரித்து அதைத் திறந்தான்.

உள்ளே பதினொரு பெண்கள் பதினொரு தையல் மெஷின்களின் முன்னால் இருந்தார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. தகரக் கூரையின் சூடு தலையில் இறங்கியது. மூலையில் பாய்கள் சுருட்டிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு சோற்றுப் பானை. வாசலுக்கு அருகில் இருந்தவள் நடுவிரலில் கிளிப்பச்சைத் துணி சுற்றியிருந்தாள். தீபாவளிக்கு வந்த உடுப்பின் அதே துணி. அதில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

வேலு மூட்டைகளை இறக்கப் போன நேரம் பார்த்து அந்தப் பெண் மலாயில், மெல்லிய குரலில் கேட்டாள்: "காக், இது எந்த ஊர்?"

அக்கா என்று கூப்பிட்டு, தான் இருக்கும் ஊரின் பெயரைக் கேட்கிறாள். அருந்ததிக்கு முதலில் விளங்கவில்லை.

"ஜுரு," என்றாள்.

"அது பினாங்கா?"

"தீவுக்கு எதிர்க்கரை. ஏன், உனக்குத் தெரியாதா? எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறாய்?"

"எட்டு மாதம்."

அவள் பெயர் நோர்மா, வயது பத்தொன்பது. எல்லோரும் இந்தோனேசியாவில் மேடானுக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பினாங்குத் தீவில் பாயான் பாருவில் எலெக்ட்ரானிக் கம்பெனி, தங்குவதற்கு ஹாஸ்டல், கூட்டிப்போக பஸ் என்று சொல்லித்தான் ஏஜெண்டு அழைத்து வந்திருக்கிறான். துறைமுகத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டான். இருட்டில் ஒரு வேனில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டான். அன்றைக்கு ஏறிய படியை அவர்கள் திரும்ப இறங்கவில்லை. வெளியே போனால் போலீஸ் பிடிக்கும், ஜெயிலில் போடும் என்பது தினமும் சொல்லப்படுகிற பாடம்.

"பெருநாள் வேலை முடிந்ததும் எங்களைப் பிரித்து அனுப்பப் போகிறார்களாம்," என்றாள் நோர்மா. "தாய்லாந்து எல்லையில் பார்களுக்கு. ஏஜெண்டு கீழே நின்று பேசினது கேட்டது. காமாரியாவை முதலில் கேட்கிறார்களாம். அவள்தான் எங்களில் சின்னவள்."

பின்வரிசையில் ஒரு பெண் தலையை நிமிர்த்தாமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது.

அருந்ததியின் கைப்பையில் எழுதாத விலை அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பதினொரு பெயர்களையும் வயதுகளையும் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டாள். எழுத்து ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றது.

திரும்பும் வழியில், வண்டி தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியது. அப்போது அருந்ததி கேட்டாள்: "அந்தச் சாவி ஏன் உன்னட்ட இருக்கு?"

"நான் டிரைவர் அக்கா."

"நான் கேட்டதுக்கு இது மறுமொழி இல்லை."

வேலு கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். "எனக்கும் பொம்பளப் புள்ள இருக்கு அக்கா. ஸ்கூலு, டியூஷன், வாடகை. நீங்க பாத்ததை மறந்துடுங்க லா."

அன்று மாலையே அவள் ஜெலுத்தோங்கில் தன் வீட்டு மேசையில் டைப்ரைட்டரை எடுத்து வைத்துத் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் அதிகாரிக்கு ஒரு கடிதம் அடித்தாள். பொருள், பார்த்த இடம், பார்த்த நாள், பூட்டு இருந்த பக்கம், பதினொரு பெயர்கள், வயதுகள், ஏஜெண்டின் எண்ணம் எல்லாம் எண் போட்ட பத்திகளாக. அவளுடைய பழைய கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஒருவர்மேல் புகார் எழுதினால் அவருக்கும் ஒரு நகல் போகவேண்டும். போகாவிட்டால் அது மொட்டைக் கடிதத்துக்குச் சமம். பத்தொன்பது வருடம் அப்படியே அடித்த விரல்கள். கடைசி வரியில் 'நகல்' என்று போட்டு, கீழே பிச்சைமுத்துவின் பெயரையும் கடை விலாசத்தையும் அடித்து, மறுநாள் காலையில் இரண்டு உறைகளையும் ரெஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனாள்.

ஐந்தாம் நாள் இஸ்மாயில் என்ற அதிகாரி அவளைக் கூப்பிட்டு ஜுருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரும்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மெஷின் கால்கள் நின்ற இடத்தில் தரை வெளுத்திருந்தது. மூலையில் கிளிப்பச்சை நூல் கொஞ்சம் சுருண்டு கிடந்தது.

"கடிதம் எழுதியது யாருக்கெல்லாம் தெரியும், காக்?" என்று கேட்டார் இஸ்மாயில்.

"ஒருவருக்கும் சொல்லவில்லை," என்றாள் அருந்ததி. சொல்லிக்கொண்டே தன் கோப்பைத் திறந்து கார்பன் பிரதியை எடுத்தாள். முதல் பத்தியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தாள். கடைசி வரியில் கண் நின்றது. தாளை இஸ்மாயிலிடம் நீட்டினாள். அவர் அதை வாசித்துவிட்டு அவளைப் பார்க்கவில்லை; பலகை அடித்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கிருந்து கடைக்குப் போனபோது, பிச்சைமுத்து தன்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தாள். அவர் நிறுத்தவில்லை. கல்லாவில் இருந்தபடியே சிரித்தார்.

"வாங்க அக்கா. எத்தனையோ பேரு எனக்கு எதிரா பெட்டிஷன் போட்டிருக்கான். எனக்கே ரெஜிஸ்டர்ல ஒரு காப்பி அனுப்பினது நீங்க ஒருத்தர்தான். சிலோன்காரங்க மரியாதை தெரிஞ்சவங்கன்னு சும்மாவா சொன்னாங்க?"

கடைப் பையன்கள் சிரித்தார்கள். அருந்ததி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"அந்தப் பிள்ளைகள் எங்க?"

"எந்தப் பிள்ளைங்க? அதுங்க ஊர்ல பட்டினி கிடந்துச்சுங்க. நான் சோறு போட்டேன். இப்ப இல்ல, போயிடுச்சுங்க. மேல ரூம்ல அறுநூறு செட்டு இறங்கியிருக்கு. பண்டிகை முடியட்டும், உங்க கணக்கைத் தீத்துக்கலாம். இப்ப போய் அட்டை எழுதுங்க. உங்க கையெழுத்துக்குன்னே வர்றாங்க சனங்க."

அறுநூறு செட்டு. அப்படியென்றால் பதினொரு பேரும் எங்கேயோ ஒரு பூட்டுக்குப் பின்னால் இன்னும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் மாடியேறினாள். தன்மேல் வந்த கோபமும் அந்த மனிதர்மேல் வந்த கோபமும் ஒன்றாகச் சேர்ந்து எது எதுவென்று பிரிக்க முடியாமல் கிடந்தன. உடுப்புகள் கூரைவரை அடுக்கியிருந்தன. நல்ல தையல். ஒரு இழுப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. போன மாதம்வரை அதைத் தடவிப் பார்த்துப் பாராட்டியிருப்பாள்.

முன்பக்கத்தில் விலை எழுதினாள், அளவு எழுதினாள். பிறகு அட்டையைத் திருப்பினாள்.

'இந்த உடுப்பைத் தைத்தவர் நோர்மா, வயது 19. இவரை அறையில் வைத்து வெளியே பூட்டியிருக்கிறார்கள். இவருடைய பாஸ்போர்ட் இவரிடம் இல்லை. தீபாவளிக்குப் பிறகு இவரை விற்கப் போகிறார்கள். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் அருந்ததிக்குச் சொல்லவும்.' கீழே தன் வீட்டுத் தொலைபேசி எண். அதையே அடுத்த வரிகளில் மலாயிலும் எழுதினாள்.

அடுத்த அட்டையில் இன்னொரு பெயர். பதினொரு பெயர்களும் முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. பத்து நாளில் முந்நூற்று நாற்பது அட்டைகள். நடுவிரலில் பேனா பதிந்த இடம் வீங்கிவிட்டது. யாரும் மாடிக்கு வந்து பார்க்கவில்லை. அவள் எழுதும் அட்டையைச் சரிபார்க்கவேண்டும் என்று அந்தக் கடையில் யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆண்டுதோறும் செய்வதுபோல, பிச்சைமுத்து கடை ஆட்களுக்குப் புதுத் துணி கொடுத்தார். வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒரு பொட்டலம். வேலு தன் மகளுக்கென்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பஞ்சாபி உடுப்பை வாங்கிக்கொண்டான். மறுநாள் விற்பனை தொடங்கியது.

காலை பதினொரு மணிக்குக் கடையில் கால் வைக்க இடமில்லை. முதலில் வாசித்தவள் பத்மாவதி. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மனைவி, எதை வாங்கினாலும் துவைக்கும் முறையைத் தேடி அட்டையைத் திருப்பிப் பார்க்கிறவள். வாசித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை, உரக்க வாசித்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் கையிலிருந்த உடுப்புகளின் அட்டைகளைத் திருப்பினார்கள்.

"எனக்கு வேற பேரு போட்டிருக்கு. ரோஹானியாம்."

"இது என்ன புது மாதிரி விளம்பரமா?"

"விளம்பரம்னு யாரும் 'விற்கப் போறாங்க'ன்னு எழுதுவாங்களா?"

"அருந்ததி அக்கா, இது உங்க எழுத்துதானே?" என்றாள் பத்மாவதி.

"ஓம். நான்தான் எழுதினன். நானே கண்ணால பாத்தது."

"ஐயோ, நல்ல நாளும் அதுவுமா," என்று ஒருத்தி கையிலிருந்ததைக் கொடியில் திரும்ப மாட்டினாள். பக்கத்தில் நின்றவள் அதை உடனே எடுத்துக்கொண்டாள். "விலை நல்லாத்தானே இருக்கு. யாரு தச்சா நமக்கென்ன? எல்லாக் கடையிலயும் அப்படித்தான் லா."

"அப்ப எல்லாக் கடையிலும் கேளுங்கோ," என்றாள் அருந்ததி. அவள் சத்தம் போடவில்லை. "யார் தைச்சது, அவளுக்கு வீட்டுச் சாவி உண்டா எண்டு. துணி சாயம் போகுமா எண்டு கேக்க உங்களுக்கு வாய் இருக்கு. இதைக் கேக்க இல்லையா?"

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடுப்பைக் கல்லாவுக்குக் கொண்டுபோனாள்.

பிச்சைமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு அட்டையைப் பிடித்து வாசித்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. ஆட்களுக்கு முன்னால் கத்த முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, இது நம்ம சனங்க கடை. கோயில் கமிட்டில இருக்கேன். வெளியாளுங்களுக்காக நம்ம பேரைக் கெடுக்கிறீங்களே."

"உங்கட பேரை நான் ஒரு அட்டையிலும் எழுதேல்லை முதலாளி. அந்தப் பிள்ளைகளின்ர பேரைத்தான் எழுதினன்."

கத்தரிக்கோல்கள் வந்தன. கடைப் பையன்கள் ஓடி ஓடி அட்டைகளை வெட்டினார்கள். அவளைக் கைப்பையோடு வெளியே அனுப்பினார்கள். அவள் எதிர்ப்பக்கக் கடைகளின் முன் ஓடும் ஐந்தடிப் பாதையில் நின்று கடை சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டத் தொடங்குமுன் தொண்ணூறு உடுப்புகள் வெளியே போயிருந்தன. அவற்றில் பதினான்கை அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து கல்லாமேல் போட்டார்கள். பத்மாவதி திருப்பிக் கொடுக்கவென்றே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மீதி எழுபத்தாறு பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போகப் போகிறார்கள். அந்த எண்ணிக்கை அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

வீட்டில் தொலைபேசி மணி அடித்தபடி இருந்தது. ஒருவன் அசிங்கமாகப் பேசினான். அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா அழைத்து, உனக்கேன் இந்த வேலை என்று அரைமணி நேரம் அழுதாள். இடத்தை யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலு வந்தான். வாசலிலேயே நின்றான். கையில் அந்தக் கத்தரிப்பூ நிற உடுப்பு.

"புள்ள போட மாட்டேங்குறா, அக்கா."

"ஏன்?"

"அட்டையை வாசிச்சுட்டா. 'அப்பா, இந்த ஆளுக்கும் என் வயசுதான், நீங்க அந்தக் கடை வேன்தானே ஓட்டுறீங்க'ன்னு கேக்குறா. சோறு தின்னல."

அருந்ததி அட்டையை வாங்கித் திருப்பினாள். காமாரியா, வயது 17.

"எங்க இருக்கினம்?"

"பத்து காவான் ஊருல. பழைய எஸ்டேட்டு பங்களா. ரப்பர் மரத்துக்குள்ள போவணும்." அவன் உடுப்பை வாசல்படியில் வைத்தான். "பத்துப் பேருதான் இருக்காங்க."

"மற்றது?"

"இடம் மாத்தின அன்னைக்கே ஏஜெண்டு இந்த காமாரியாவைத்தான் கேட்டான். முதலாளி கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. ஜுருவுல பழைய கார் விக்கிற இடத்துல ஒருத்தன்கிட்ட விட்டேன். புள்ள என் கையைப் புடிச்சிட்டு விடல. விரலைப் பிரிச்சு எடுத்தேன் அக்கா." அவன் அழத் தொடங்கினான். "இடம் சொல்லிட்டேன்ல? என் பேரை மட்டும் விட்டுடுங்க. உள்ள போயிட்டா என் குடும்பம் என்னாவும்?"

அருந்ததி, அடித்துவிடுவோமோ என்று பயந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"விடமாட்டன்," என்றாள். "நான் எழுதின கடிதத்தாலதான் அவளைக் கொண்டுபோனாங்கள். அது என்ர பிழை, நானே சொல்லுவன். விரலைப் பிரிச்சது உன்ர பிழை. அதை நீ சொல்லு. யாரிட்ட விட்டாய் எண்டு உன்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. முகத்தைத் துடைச்சுக்கொண்டு வா."

இந்த முறை அவள் டைப்ரைட்டரின் மூடியைத் தொடவில்லை. வேலுவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, இஸ்மாயிலின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் கைலியோடு வந்து கேட்டார், உள்ளே போய் போலீசுக்குப் போன் செய்தார். மத்தியானத்துக்குள் அவர்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டு ஜீப்புகள் பத்து காவானில் ரப்பர் மரங்களுக்கு நடுவே போய் நின்றன. போலீஸ் சார்ஜெண்டு கடப்பாரையால் பூட்டை உடைத்தார்.

பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள். பத்துப் பேர். நோர்மா கடைசியாக வந்தாள். அருந்ததியைக் கண்டதும் நின்றாள்.

"நீங்கள் வந்து போன பிறகுதான் எங்களை அடித்தார்கள்," என்றாள். "யார் பேசினது என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். காமாரியா தான்தான் பேசினேன் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் அவளை முதலில் அனுப்பினார்கள்."

"என்னால்தான்," என்றாள் அருந்ததி. "நான் முதலாளிக்கும் ஒரு நகல் அனுப்பினேன்."

நோர்மா அவளைப் பார்த்தாள். மன்னித்ததாகவும் தெரியவில்லை, திட்டப் போவதாகவும் தெரியவில்லை. அப்போது ஜீப்பின் மறுபக்கத்தில் நின்ற வேலு அவள் கண்ணில் பட்டான். காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றிக்கொண்டு போய் அவன் முகத்தில் அடித்தாள். இரண்டாவது அடிக்கு அவனுடைய உதடு கிழிந்தது. அவன் கையைத் தூக்கி மறைக்கவில்லை.

"காக், நிறுத்தச் சொல்லுங்கள்," என்றார் இஸ்மாயில்.

"நான் சொல்லமாட்டேன்," என்றாள் அருந்ததி.

கடைசியில் சார்ஜெண்டுதான் இடையில் போய் நின்றார். பத்துப் பேரில் ஒன்பது பேரை இஸ்மாயிலோடு இரண்டாவது ஜீப்பில் ஏற்றினார். முதல் ஜீப்பின் முன்சீட்டில் வேலுவை ஏற்றி, காமாரியாவை விட்ட, கார் விற்கும் இடத்துக்கு வழி காட்டச் சொன்னார். பின்னால் அருந்ததி ஏறினாள், சாட்சி சொல்வதற்கு. அவளுக்கும் முன்னால் நோர்மா ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ இறங்கு. மற்றவர்களோடு போய்ச் சாப்பிடு," என்றார் சார்ஜெண்டு.

"இறங்கமாட்டேன்," என்றாள் நோர்மா. "காமாரியாவின் முகம் உங்கள் யாருக்கும் தெரியாது. இந்த ஆளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இவன் சொல்கிறதை நம்பியா போகப் போகிறீர்கள்?"

சார்ஜெண்டு அருந்ததியைப் பார்த்தார். அருந்ததி தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். ஜீப் ரப்பர் மரங்களை விட்டு மண் ரோட்டுக்கு ஏறியது. வேலு உதட்டைத் துடைத்துக்கொண்டு, இடது பக்கம் திரும்பச் சொல்லி கையைக் காட்டினான்.